டீப் ராக் கேலக்டிக்கில் முதலில் எந்த கிளாஸ்? கம்பத்துத் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கம்பத்திலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, கேம் இறக்கிட்டேன். நாலு பேர்ல யாரை எடுக்கட்டும்? ஸ்கவுட்டுதான் சூப்பரா இருக்கான்." அப்போது ஏலக்காய் ஸ்டோரில் வேலையாக இருந்தேன். "இன்ஜினியரை எடுடா, ராத்திரி சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ராத்திரி சொல்ல உட்கார்ந்தபோதுதான் இது இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்று தெரிந்தது. அவனைப் போலப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டீப் ராக் கேலக்டிக்கை உருவாக்கியது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் கோஸ்ட் ஷிப் கேம்ஸ். 2018 பிப்ரவரியில் முன்னோட்டமாக வந்து, 2020 மே 13 அன்று முழுமையாக வெளியானது. ஹாக்ஸஸ் என்ற கிரகத்துக்கு அடியில், ஒரு கம்பெனிக்காகக் கனிமம் வெட்டும் தாடிக்காரக் குள்ளர்கள் நாம். அதிகபட்சம் நான்கு பேர் சேர்ந்து இறங்கலாம். குகை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும், ஒரே இருட்டாக இருக்கும், கிளிஃபிட் என்கிற, சிலந்தி மாதிரியான பூச்சிகள் சுவர், கூரை எல்லாவற்றிலும் ஊர்ந்து வரும். கண்ணில் படும் பாறை முழுவதையும் உடைக்கலாம். கிளாஸ் என்றால் நாம் எடுக்கும் குள்ளனின் வகை, ஒவ்வொன்றுக்கும் தனி ஆயுதம், தனி வேலை. கிளாஸ்கள் நான்கு: ஸ்கவுட், இன்ஜினியர், கன்னர், டிரில்லர்.

எங்கள் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் அதைப் பொறுத்தது. நான் குமுளி, டிரில்லர். கட்டப்பனைச் சேட்டன் ஸ்கவுட். போடியில் இருக்கும் மச்சான் கன்னர், ஆனால் காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். ஆக, தம்பி வந்தால் பெரும்பாலான இரவுகளில் நாங்கள் மூன்று பேர். சேட்டனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், அவர் பேசும் மலையாளம் எங்களுக்குப் புரியும். பூச்சி சூழ்ந்த நேரத்தில் யாராவது "வெளிச்சம்!" என்று கத்தினால் போதும், அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான்.

புதியவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் பார்த்துத்தான் கிளாஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த விளையாட்டில் அது போதாது. நான்கு பேரிடமும் சுடுவதற்கு நல்ல ஆயுதம் இருக்கிறது. லெவல் ஏற ஏற ஒவ்வொருவருக்கும் மூன்று முதன்மை ஆயுதம், மூன்று துணை ஆயுதம் என்று திறந்துகொண்டே போகும். நிஜமான வித்தியாசம், குகைக்குள் நீங்கள் எப்படி நகர்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. டிரில்லர் சுரங்கம் போடுவார், இன்ஜினியர் சுவரில் மேடை ஒட்டுவார், கன்னர் கம்பி கட்டுவார். இந்த மூன்றும், வேலை முடிந்த பிறகும் அங்கேயே நிற்கும். பின்னால் வருகிற எல்லோரும் அதில் நடக்கலாம். ஸ்கவுட்டின் கொக்கிக் கயிறு மட்டும் அவரை மட்டும்தான் தூக்கும். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஸ்கவுட்டிலிருந்தே தொடங்குகிறேன், தம்பியின் கண் அங்கேதான் இருக்கிறது. கொக்கியைக் கூரையில் விட்டால் சர்ரென்று இழுத்துக்கொண்டு போகும். விழும்போது தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் பக்கத்துச் சுவரில் கொக்கியை மாட்டினால் அடி படாது. இது கைக்கு வந்துவிட்டால் அப்புறம் வேறு எந்த கிளாஸும் மெதுவாகத்தான் தெரியும், உண்மை. ஆனால் ஸ்கவுட்டின் முதல் வேலை பறப்பது இல்லை, வெளிச்சம். கையால் எறியும் சிறு ஃப்ளேர் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு நேரத்தில் நான்குதான் இருக்கும், சீக்கிரம் மங்கிவிடும். ஸ்கவுட்டின் ஃப்ளேர் துப்பாக்கி அப்படி இல்லை. கூரையில் ஒட்டிக்கொண்டு பெரிய மண்டபத்தையே வெகுநேரம் காட்டும். நல்ல ஸ்கவுட் புதுக் குகைக்குள் நுழைந்ததும் சுடுவதற்கு முன்னால் மேலே மூன்று ஃப்ளேர் வைப்பார். சேட்டன் இல்லாத இரவுகளில் எங்களுக்கு முதலில் தெரிவது அந்தக் குறைதான்.

ஸ்கவுட்டின் சிக்கல் என்னவென்றால், அவர் எல்லோருக்கும் முன்னால், எல்லோருக்கும் மேலே இருப்பார். கூரையில் தொங்கும் கேவ் லீச் என்ற பூச்சி கீழே வருகிறவரை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கூட இருப்பவர் சுட்டால்தான் விடும். நாற்பது அடி உயரத்தில், மற்றவர்கள் கண்ணுக்கு எட்டாத மூலையில் ஸ்கவுட் மாட்டினால் யார் சுடுவது? அங்கேயே விழுந்துவிட்டால் எழுப்பப் போவதற்கும் ஆள் வேண்டும். அதோடு அவருடைய ஆயுதங்கள் ஒற்றை இலக்குக்கானவை. தூரத்திலிருந்து அமிலம் துப்புவதையும் வலை துப்புவதையும் பொறுக்கிச் சுட ஜிகே2 ரைஃபிள் அருமையாக இருக்கும். கூட்டமாக முப்பது பூச்சி வந்தால் கொக்கியை விட்டு விலகத்தான் வேண்டும். புதிதாக வந்தவருக்கு எப்போது விலகுவது, எப்போது நிற்பது என்று தெரியாது. அதனால்தான் முதல் கிளாஸாக ஸ்கவுட் வேண்டாம் என்கிறேன். இரண்டாவதாக எடுக்கட்டும்.

இன்ஜினியரை ஏன் சொன்னேன் என்பதற்கு இரண்டு இரவுகளில் நடந்ததைச் சொன்னால் போதும்.

நைட்ரா என்றொரு சிவப்புக் கனிமம் இருக்கிறது. 80 நைட்ரா சேர்ந்தால் சப்ளை பாட் ஒன்றைக் கூப்பிடலாம். அது கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும், அதில் நான்கு பங்கு தோட்டா. ஒரு பங்கு எடுத்தால் உங்கள் தோட்டாவில் பாதி நிரம்பும். நைட்ரா இல்லை என்றால் கோடாரியோடு ஓட வேண்டியதுதான். அன்றைக்கு நானும் சேட்டனும் மட்டும். கையிருப்பு 62. என் தீத்துப்பாக்கியில் எரிபொருள் முடிந்துவிட்டது. சேட்டன் ஒரு ஃப்ளேர் மேலே விட்டார். கூரைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு, நல்ல நீளம். அங்கே நிற்க இடம் இல்லை. கொக்கி போட்டு ஏறி, விழுவதற்குள் கோடாரியால் இரண்டு வெட்டு, மறுபடி கொக்கி. இப்படியே ஆறு ஏழு முறை. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் உதிரும். எட்டாவது முறை ஏறும்போது லீச் பிடித்துக்கொண்டது. என்னிடம் அந்தத் தூரத்துக்குச் சுட எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மச்சான் கன்னரை விட்டுவிட்டு, பழகிப் பார்க்கலாம் என்று இன்ஜினியரை எடுத்தார். அதேபோல உயரத்தில் நைட்ரா. மச்சான் கீழே நின்றபடி அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தாழ்வாக ஒரு குண்டு விட்டார். தொப்பென்று மஞ்சள் நுரை விரிந்து வட்ட மேடையாக ஒட்டிக்கொண்டது. சேட்டன் ஒரே கொக்கியில் ஏறி அதன்மேல் நின்று, திண்ணையில் உட்கார்ந்து கதிர் உருவுகிறவரைப் போல நிதானமாக முழு நைட்ராவையும் வெட்டி எடுத்தார். பத்து நொடி ஆகியிருக்கும். அவர் நின்ற இடம் கீழிருந்தே தெரிந்ததால் லீச்சைப் பார்த்துச் சுட ஆளும் இருந்தது.

ஸ்கவுட்டும் இன்ஜினியரும் சேர்ந்தால்தான் இரண்டு பேரும் முழு ஆள். எங்கள் கூட்டத்தில் ஸ்கவுட் இருக்கிறார், மேடை போட ஆள் இல்லை. தம்பிக்கு நான் இன்ஜினியரைச் சொன்னதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் டரெட். இன்ஜினியர் ஒரு தானியங்கித் துப்பாக்கியைத் தரையில் நிறுத்தலாம், மேம்படுத்தினால் இரண்டு. புதிதாக விளையாடுகிறவருக்கு எந்தப் பக்கமிருந்து பூச்சி வருகிறது என்று தெரியவே பல நாள் ஆகும். டரெட் அந்தப் பக்கம் திரும்பிச் சுடத் தொடங்கியதும் உங்களுக்கும் தெரிந்துவிடும். பின்பக்கம் பார்த்துக்கொள்ள ஒரு காவல்நாய் மாதிரி. கையில் வார்ட்ஹாக் ஷாட்கன் பக்கத்தில் வருவதற்கு, கிரனேடு லாஞ்சர் கூட்டத்துக்கு. ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: டரெட்டை ஒரு இடத்தில் வைத்துவிட்டு அடுத்த குகைக்கு நடந்துவிட்டால் நீங்கள் பாதி ஆள். மடக்கி எடுத்துக்கொண்டு போகப் பழக வேண்டும். மேடைக் குண்டும் கணக்காகத்தான் இருக்கும். மேலே போக ஆளுக்கு ஆள் "எனக்கொரு மேடை" என்று கேட்பார்கள், எல்லோருக்கும் போட்டால் தீர்ந்துவிடும். நைட்ராவுக்கு முதலில், தங்கத்துக்கு அப்புறம்.

இனி என் கிளாஸ். முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அதன் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. எங்கள் பக்கம் வீடுகளில் பென்னிகுக் படம் மாட்டியிருப்பார்கள். மலையைச் சுற்றிப் போகாமல் குடைந்து போவது என்ன என்று இந்த ஊரில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் டிரில்லரை எடுத்ததற்கு அது ஒரு காரணமாகக்கூட இருக்கலாம்.

டிரில்லரின் அருமை கடைசி ஐந்து நிமிடத்தில் தெரியும். கனிமம் வெட்டும் சாதாரண மிஷனில், வேலை முடிந்து பொத்தானை அமுக்கியதும் 5 நிமிடக் கடிகாரம் ஓடும். திரும்பிப் போகும் பாட் குகையில் வேறு எங்கோ இறங்கும். சரக்குச் சுமக்கும் நாலுகால் இயந்திரமான மோலி தன் வழியில் சுவர் ஏறிப் போய்விடும். அந்த வழியில் குள்ளர்களால் பல நேரம் போக முடியாது. அப்போது நான் பாட் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு டிரில்லையும் பாறையில் வைத்து நேராக நடப்பேன். பின்னால் மற்றவர்கள் ஒற்றை வரிசையில் வருவார்கள். சுரங்கத்துக்குள் பூச்சி முன்னும் பின்னும் மட்டும்தான் வர முடியும். பின்னால் வருவதை என் தீயே பார்த்துக்கொள்ளும். விழுந்து கிடக்கிற ஸ்கவுட்டை எடுக்கவும் இதே வழிதான்.

புதிய டிரில்லர்கள் செய்யும் ஒரு தவறு: செங்குத்தாக மேலே குடைவது. தனக்கு ஏற முடியும், பின்னால் வருகிறவர்களுக்கு முடியாது. மாட்டு வண்டி ஏறுகிற சாய்வில் குடைய வேண்டும். இன்னொன்று, டிரில் சூடாகும், எரிபொருளும் கணக்கானது. வழியில் சும்மா குடைந்து தீர்த்துவிட்டால் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் இருக்காது. எல்லோரும் சி4 என்று சொல்லும் வெடியை வைக்கும் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விளையாட்டில் நம் ஆயுதம் நம் ஆளையும் கொல்லும், தீயும் அப்படித்தான்.

ஆயுதத்தில் டிரில்லர் கிட்டத்து ஆள். தீத்துப்பாக்கி, அதற்கு மாற்றாக உறைய வைக்கும் கிரையோ கேனன், அமிலச் சேறு பீய்ச்சும் பம்ப். எனக்குக் கிரையோதான் பிடிக்கும். மாக்டெரா என்ற பறக்கும் பூச்சிகள் கூட்டமாக வரும்போது அவற்றை உறைய வைத்தால் கல் போலக் கீழே விழுந்து நொறுங்கும். மற்ற கிளாஸ்கள் ஒவ்வொன்றாகச் சுட வேண்டியதை ஒரே வீச்சில் முடிக்கலாம். தூரத்தில் இருப்பது எதுவானாலும் டிரில்லருக்குக் கஷ்டம். அதனால் தனியாகப் பார்க்க வலிமை குறைவான கிளாஸ், மூன்று பேரோடு சேரும்போது மிக வலிமையானது என்று சொல்லுவேன். முதல் கிளாஸாக எடுத்தால் தப்பில்லை. ஆனால் குகை எப்படி உருவாகிறது, எந்த மிஷனில் எதைத் தேட வேண்டும் என்று ஓரளவு தெரிந்தபின் எடுத்தால் எங்கே குடைவது என்பது விளங்கும்.

கன்னர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குறை என்று எடுக்காதீர்கள், அவ்வளவு நேரான கிளாஸ் என்பதால்தான். மினிகன், ஆட்டோகேனன், ராக்கெட் என்று நான்கு பேரில் கனமான ஆயுதம் அவரிடம். நின்று சுடுவார், நிறையச் சுடுவார். அவருடைய ஜிப்லைன் இரண்டு முனைகளுக்கு இடையே கம்பி கட்டும், மிகச் செங்குத்தாக மட்டும் போகாது. பள்ளத்தைத் தாண்ட இதற்கு இணை இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் தேயிலை இறக்கிய ரோப்வேயைப் பற்றிப் போடிக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். மச்சான் கம்பி கட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். கம்பியில் போகும்போது அடிபட்டால் கீழே விழ நேரிடும் என்பதால், பூச்சி இருக்கும்போது ஏற வேண்டாம்.

அவர் எறியும் கவசக் குமிழிதான் அவருடைய உயிர். விழுந்த ஆளை எழுப்பப் போகிறவர் எழுப்பி முடிப்பதற்குள் தானும் விழுவதுதான் இந்த விளையாட்டில் கூட்டம் சரிகிற முறை. குமிழி இருந்தால் உள்ளே பூச்சி வராது, நிதானமாக எழுப்பலாம். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து விளையாடப் போகிறீர்கள், யார் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது என்றால் யோசிக்காமல் கன்னரை எடுங்கள். மச்சான் தம்பிக்கு இதைத்தான் சொன்னார். தம்பி எங்களோடு வராமல் தனியாகச் சுற்றுபவனாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

மிஷனுக்கு மிஷன் கணக்கு கொஞ்சம் மாறும். பாயிண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷனில் அக்வார்க் என்ற நீலக் கற்கள் பெரிய குகையின் சுவர்களுக்குள் புதைந்திருக்கும். அதைத் தூக்கினால் இரண்டு கையும் அடைபட்டுவிடும், துப்பாக்கி எடுக்க முடியாது. அங்கே டிரில்லரின் சாய்வுச் சுரங்கமும் ஸ்கவுட்டின் கண்ணும் பொன். சால்வேஜில் ஒரு வட்டத்துக்குள் நின்று காக்க வேண்டிய கட்டம் வரும், அங்கே டரெட்டும் கன்னரும். டோரட்டா என்ற பெரிய குடையும் வண்டியைக் காத்துக்கொண்டு போகும் மிஷனிலும் அப்படித்தான். ட்ரெட்நாட் என்ற ராட்சதப் பூச்சியின் வேட்டைக்கு யார் வேண்டுமானாலும் சரி.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. இந்த விளையாட்டு, மிஷனைத் திறப்பவரின் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அவர் துண்டிக்கப்பட்டால் மற்ற மூவருக்கும் அந்த மிஷன் முடிந்தது. வேறொருவர் தாங்கிக்கொள்ள வழி இல்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் குமுளியிலும் கட்டப்பனையிலும் மரம் விழும், மின்சாரம் போகும். அதே நேரத்தில் மலைக்குக் கீழே கம்பம் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். போன ஜூலையில் நாற்பது நிமிடம் பாடுபட்டு எல்லாவற்றையும் முடித்து, பாட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் என் வீட்டில் மின்சாரம் போய், மூன்று பேருடைய உழைப்பும் போயிற்று. அன்று சேட்டன் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இனி மழைக்காலம் முழுக்கத் தம்பி வீட்டில்தான் மிஷன் திறப்போம்.

இது கிளாஸையும் தொடும். இன்டர்நெட் லைன் மந்தமாக இருக்கும் இரவில், குடைந்த சுரங்கத்துக்குள் முன்னேறினால் பின்னுக்கு இழுத்துவிடும். அப்படிப்பட்ட இரவில் நான் டிரில்லரை விட்டுவிட்டுக் கன்னர் எடுப்பேன். மிஷனைத் திறக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தம்பிதான் திறக்கப் போகிறான் என்றால் அவனுக்கு எந்த கிளாஸும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இன்னொரு பயமும் வேண்டாம். ஒரு கிளாஸை எடுத்தால் அதிலேயே மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு மிஷனுக்கு முன்னாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரே கிளாஸை எடுக்கவும் தடை இல்லை. ஆனால் லெவல் தனித்தனி. ஒன்றை 25ஆம் லெவல் வரை கொண்டுபோய்ப் பதவி உயர்வு வாங்கினால்தான் ஆயுதங்களை முற்றிலும் மாற்றும் ஓவர்கிளாக்குகளும், வியாழக்கிழமைதோறும் புதிதாக வரும் டீப் டைவும் திறக்கும். டீப் டைவ் மூன்று குகைகள் தொடர்ச்சியாக. நடுவில் கிளாஸை மாற்ற முடியாது. ஆகவே முதல் 25 வரை ஒன்றிலேயே இருப்பது நல்லது, நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று போனால் டீப் டைவ் வெகுநாள் தள்ளிப்போகும்.

தனியாக இறங்கினால் பாஸ்கோ என்ற ட்ரோன் துணைக்கு வரும். சுடும், வெளிச்சம் காட்டும், சொன்ன இடத்தில் கனிமம் வெட்டும், விழுந்தால் எழுப்பிவிடும். வேறு ஆள் சேர்ந்தால் அது போய்விடும். ஸ்கவுட் பழக இதைவிட நல்ல இடம் இல்லை: எங்கே விழுந்தாலும் பாஸ்கோ பறந்து வந்துவிடும், மற்றவர்களின் நேரமும் வீணாகாது.

சரி, தம்பிக்கு என் பதில். எங்களோடு வரும் இரவுகளில் இன்ஜினியர், 25 வரை அதே. மேம்பாட்டில் முதல் காசு மேடைக்குப் போகட்டும், இரண்டாவது டரெட் அதற்கு அப்புறம். மச்சான் வரும் ஞாயிறுகளில் நான்கு பேரும் நான்கு கிளாஸ், யாரும் மாற வேண்டாம். ஸ்கவுட் ஆசையை விட வேண்டாம். சாயங்காலம் நாங்கள் வருவதற்கு முன்னால் பாஸ்கோவோடு ஆபத்து நிலை 2இல் தினமும் ஒரு மிஷன். சுடுவதை விட, விழும்போது கொக்கி மாட்டுவதையும் நுழைந்ததும் மூன்று ஃப்ளேர் வைப்பதையும் பழகட்டும்.

ஓணத்துக்குச் சேட்டன் பத்து நாள் தரவாட்டுக்கு, அதாவது பூர்வீக வீட்டுக்கு, போகிறார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. அந்தப் பத்து நாளும் ஸ்கவுட் இடம் காலியாக இருக்கும். இன்ஜினியரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.